மச்சில் படுத்தவர்கள்: கெல்ம்ஸ்காட் கல் வீட்டின் வரலாறு

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில், லண்டனை எட்டுவதற்கு வெகுதூரம் முன்பு, தேம்ஸ் ஆறு ஒரு பெரிய வாய்க்கால் அளவுக்கு ஓடும் இடத்தில் கெல்ம்ஸ்காட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரின் கடைசியில், ஆற்றோரப் புல்வெளியை ஒட்டிச் சாம்பல் நிறக் கல்லால் கட்டிய ஒரு பழைய வீடு நிற்கிறது. 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் டர்னர் என்ற விவசாயக் குடும்பம் கட்டியது. இன்று அதற்குப் பெயர் கெல்ம்ஸ்காட் மேனர். கவிஞரும் வடிவமைப்பாளரும் சோசலிஸ்டுமான வில்லியம் மாரிஸ் 1871 முதல் 1896இல் சாகும்வரை அதை வாடகைக்கு வைத்திருந்தார். அவரால்தான் இன்றும் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துப் போகிறார்கள்.

இந்த வீட்டைப் பற்றி நாம் எழுதக் காரணம் உண்டு. ஒரு கட்டடத்தை எப்படி வாசிப்பது என்று மாணவத் தோழர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கோயில், கோட்டை என்றால் வேலை எளிது. யார் உள்ளே போகலாம், யார் போகக்கூடாது என்று கேட்டாலே பாதி வரலாறு வந்துவிடும். விவசாயி வீடு அப்படியில்லை. அதில் ராஜா இல்லை, பூசாரி இல்லை. அடக்கமாக, அழகாக நிற்கிறது. அதனாலேயே அதை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. சாதி என்ற ஒன்று இல்லாத ஒரு நாட்டில், ஒரே கூரைக்குக் கீழே மேலும் கீழும் எப்படிக் கட்டி வைக்கப்பட்டன என்று பார்ப்பது நமக்கு நல்ல பயிற்சி.

முதலில் பெயர். மேனர் என்றால் ஒரு ஊரின் நிலவுடைமை அதிகாரம் குடியிருக்கும் வீடு, நம்மூர்க் கணக்கில் ஜமீன் மாளிகை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வீடு கட்டப்பட்டபோது அப்படி ஒன்றுமில்லை. ஊரின் கீழ்ப்பக்கத்துப் பண்ணை வீடு, அவ்வளவுதான். மேனர் என்ற பட்டம் 19ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது. டர்னர்கள் பிரபுக்கள் அல்ல, யோமன் எனப்படும் அடுக்கைச் சேர்ந்தவர்கள். சொந்தமாகவோ நீண்டகாலக் குத்தகையிலோ நிலம் வைத்து, தாங்களும் மேற்பார்த்து, கூலியாள் வைத்து உழுதவர்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய மனிதர்களானவர்கள். பெரிய மனிதர்களானதும் வீட்டுக்குப் பெரிய பெயர் தேடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

இனி கல்லுக்கு வருவோம். கெல்ம்ஸ்காட், காட்ஸ்வோல்ட் குன்றுகளின் அடிவாரத்துக்கு அருகில் இருக்கிறது. அந்தக் குன்றுகள் முழுவதும் சுண்ணாம்புக்கல். ஜுராசிக் காலத்துக் கடலடியில் படிந்த கல் அது. வெட்டியெடுத்த புதிதில் ஈரம் இருப்பதால் செதுக்க இளகும், காற்றுப்பட்டால் இறுகும். டர்னர் வீட்டுச் சுவர் பெரும்பாலும் செதுக்காத கல்லை அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்டு எழுப்பியது. செதுக்கிய கல் மூலைகளுக்கும், கதவு சன்னல் ஓரங்களுக்கும் மட்டும்தான். செதுக்குவதற்குக் கூலி அதிகம் என்பதால் கண்ணில் படுகிற இடத்துக்கு மட்டும் அந்தச் செலவு. சன்னல்களை நடுவில் கல்தூண் வைத்து இரண்டாக, மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். சுவர்கள் மேலே முக்கோணமாக ஏறிக் கூரையோடு சேர்கின்றன. வீட்டை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இந்த முக்கோணங்கள்தான் முதலில் தெரியும்.

ஆனால் அந்த வீட்டின் உண்மையான கட்டடக்கலை கூரையில் இருக்கிறது. அந்த வட்டாரத்தின் பழைய வீடுகளைப் போலவே அதற்கும் கல்லோட்டுக் கூரை. களிமண் ஓடு இல்லை, பலகையாகப் பிளக்கப்பட்ட கல்லையே ஓடாகப் பயன்படுத்தினார்கள். இறவாணத்தில் பெரிய ஓடுகள், மேலே போகப்போகச் சிறியவை, முகட்டில் கையகலத் துண்டுகள். பார்ப்பவர்களுக்கு இது அலங்காரமாகத் தெரியும். இதற்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது. கல்லைப் பிளந்தால் எல்லா அளவிலும் துண்டு வரும். எதையும் வீணாக்காமல் பயன்படுத்த வேண்டும். மழைத்தண்ணீர் அதிகம் சேருவது கீழ் விளிம்பில் என்பதால், இணைப்புகள் குறைவாக இருக்கும்படி பெரிய ஓட்டை அங்கே போட்டார்கள். ஒவ்வொரு அளவுக்கும் கூரை வேய்பவர்கள் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். ஓட்டில் துளை போட்டு ஓக் மர முளை செருகி, ரீப்பரில் தொங்கவிடுவார்கள். கல் தண்ணீர் உறிஞ்சும் என்பதால் கூரை செங்குத்தாக இருக்க வேண்டும். நூறு சதுர அடிக் கூரைக்கு ஏறத்தாழ ஒரு டன் கல் ஏறும். அந்தப் பாரத்தைத் தாங்கத்தான் உள்ளே அத்தனை கனமான உத்திரங்களும் கைமரங்களும்.

இந்த ஓட்டை எப்படிச் செய்தார்கள் என்பது எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இரண்டு வரிக்கு மேல் வராது. அதே மாவட்டத்தில் ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்ற ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே நிலத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டிப் படுத்தும் குனிந்தும் கல்லை வெட்டினார்கள். வெட்டிய கல்லின் ஈரம் காயக்கூடாது. காய்ந்துவிட்டால் அப்புறம் பிளக்காது. குளிர்காலம் வரும்வரை மண்ணால் மூடிப் பாதுகாத்து, உறைபனி விழும் இரவில் திறந்து போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். கல்லுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து விரியும்போது, கல் தன் அடுக்குகளின் வழியே பிளக்கத் தொடங்கும். நடுராத்திரியில் பனி இறங்கினால் கோயில் மணி அடித்து ஊரை எழுப்புவார்கள் என்று அங்கே சொல்வதுண்டு. அந்தக் குளிரில் படுக்கையை விட்டு எழுந்து வந்து கல்லின்மேல் தண்ணீர் ஊற்றிய கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பனி நன்றாக விழாத வருடம் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

இடையில் ஒரு சின்னச் சேதி. இந்த ஸ்டோன்ஸ்ஃபீல்ட் சுரங்கங்களில்தான் ஒரு பெரிய விலங்கின் எலும்புகள் கிடைத்தன. 1824இல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் வில்லியம் பக்லண்ட் அதற்கு மெகலோசாரஸ் என்று பெயர் வைத்தார். அறிவியல் முறைப்படி பெயரிடப்பட்ட முதல் டைனோசர் அதுதான். பக்லண்டின் பெயர் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. கல்லோடு கல்லாகப் போயிருக்க வேண்டிய எலும்பை இருட்டில் அடையாளம் கண்டு ஒதுக்கி வைத்தவர்களின் பெயர் பாடநூலில் இல்லை.

சரி, 1600ஐ ஒட்டி ஒரு விவசாயிக்கு இப்படி ஒரு வீடு கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1953இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். 1570க்கும் 1640க்கும் இடையில் இங்கிலாந்தின் கிராமப்புறம் மொத்தமும் மறுபடி கட்டப்பட்டது என்பது அவர் வாதம். அந்தக் கால எல்லைகளைப் பின்னால் வந்தவர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள், பல பகுதிகளில் இது பிந்தி நடந்தது என்று காட்டினார்கள். ஆனால் அவர் சொன்ன பொருளாதாரக் கணக்கு இன்னும் பயன்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில் தானிய விலையும் கம்பளி விலையும் ஏறிக்கொண்டே போயின. நீண்டகாலக் குத்தகை வைத்திருந்த யோமன்களின் குத்தகைத் தொகையோ பழைய அளவிலேயே நின்றது. நடுவில் இருந்த லாபம் கல்லாகவும் கண்ணாடியாகவும் மாறியது.

விலை ஏறினால் வாங்கித் தின்பவன் கதி என்ன? கட்டடத் தொழிலாளிகளின் கூலியை வைத்து ஃபெல்ப்ஸ் பிரவுன், ஷீலா ஹாப்கின்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு ஒரு அட்டவணை போட்டார்கள். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு நாள் கூலி வாங்கிய சாமானில் பாதியைத்தான், சில வருடங்களில் பாதியைக்கூட அல்ல, 1600ஐ ஒட்டிய நாள் கூலி வாங்கியது. யோமனுக்கு வீடு கட்டும் காலம், அந்த வீட்டைக் கட்டிய கொத்தனுக்கு வயிறு சுருங்கிய காலம். இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். ஹாஸ்கின்ஸ் இதை மறைக்கவில்லை. அவரைப் படித்துவிட்டு அழகான கல் வீடுகளின் படப் புத்தகம் போட்டவர்கள்தான் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 1589இல் எலிசபெத் ராணியின் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. நாலு ஏக்கர் நிலம் சேர்த்து ஒதுக்காமல் யாரும் புதுக் குடிசை கட்டக்கூடாது. ஏழைகளுக்குக் குறைந்தது நாலு ஏக்கராவது இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்போலத் தெரியும். நிலமில்லாதவனுக்கு நாலு ஏக்கரை யாரும் தரவில்லை, ஆகவே குடிசையும் கட்டமுடியாது என்பதுதான் அதன் நடைமுறை. புறம்போக்கில் கட்டிய குடிசைகளை இடிக்க இந்தச் சட்டம் உதவியது. 1775வரை இது சட்டப் புத்தகத்தில் இருந்தது. டர்னர் வீட்டின் சுவர் ஏறிய அதே தலைமுறையில், சுவரே எழுப்பக்கூடாது என்று இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லப்பட்டது. ஆகவே இங்கிலாந்தின் கிராமக் கட்டடக்கலை என்று இன்று நாம் பார்ப்பது மிச்சமிருப்பதை மட்டும்தான். கூலிகளின் வீடு மண், சுள்ளி, வைக்கோல். அது மழையில் கரைந்தது, அல்லது இடிக்கப்பட்டது. கல் மட்டும் நின்று, தானே முழுக் கிராமமும் என்று சாட்சி சொல்கிறது.

இப்போது வீட்டுக்குள் போவோம். நுழைந்ததும் வீட்டைக் குறுக்காக வெட்டிப் போகும் ஒரு வழி. ஒரு பக்கம் கூடம், மறுபக்கம் சமையல் சம்பந்தப்பட்ட அறைகள். இது இடைக்காலத்திலிருந்து வந்த பழைய அமைப்பு. பழைய கூடத்தில் எசமானும் ஆட்களும் ஒரே இடத்தில் சாப்பிட்டார்கள். மேசையின் எந்தப் பக்கம் யார் உட்காருவது என்பதில் ஏற்றத்தாழ்வு இருந்தது, ஆனாலும் மேசை ஒன்றுதான். பிறகு 1660களில் டர்னர்கள் வடகிழக்கில் ஒரு புதுப்பகுதி சேர்த்தார்கள். அதில் பெரிய அறைகள், உயர்ந்த சன்னல்கள், பலகை அடித்த சுவர்கள். மேலே முக்கோணச் சுவரிலுள்ள சன்னல்களுக்குக் கோயில் முகப்பு மாதிரிச் சின்னக் கிரீடம் வைத்திருக்கிறார்கள். இத்தாலியிலிருந்து லண்டனுக்கு வந்த நாகரிகம், லண்டனிலிருந்து வண்டிப்பாதையில் தட்டுத்தடுமாறி ஆற்றோரப் பண்ணைக்கு வந்து சேர்ந்த வடிவம் அது. மாரிஸ் இதைக் கொஞ்சம் கேலியும் நிறையப் பிரியமுமாகப் பார்த்தார். நமக்கு அதில் தெரிவது வேறு. குடும்பம் கூடத்தை விட்டு விலகித் தனியறைக்குப் போகத் தொடங்கிவிட்டது. சமையலறை வாசனையும் ஆட்களின் பேச்சுச் சத்தமும் எட்டாத இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. பணம் வந்ததும் முதலில் வாங்கப்படுவது தூரம்.

ஆட்கள் எங்கே படுத்தார்கள்? மேலே, கூரைக்கு அடியில், மச்சில். அக்காலப் பண்ணைகளில் கல்யாணமாகாத இளைஞர்களும் பெண்களும் வருடக் கட்டுக்கு வேலைக்குச் சேர்ந்து எசமான் வீட்டிலேயே தங்கினார்கள். சாப்பாடு, படுக்கை, வருட முடிவில் கொஞ்சம் காசு. கெல்ம்ஸ்காட்டின் மச்சுக்கு ஏறும் படி முரட்டு மரத்தில் வெட்டியது. மேலே அறை என்று சொல்ல அதிகம் இல்லை. கூரையைத் தாங்கும் பெரிய உத்திரங்களைத் தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டும். உழுபவர்களும் மேய்ப்பவர்களும் அங்கேதான் படுத்தார்கள் என்று மாரிஸே எழுதியிருக்கிறார். கீழே வாசலிலிருந்து கூடம், தனியறை, படுக்கையறை என்று ஏற ஏற அலங்காரம் கூடி, சட்டென்று ஒரு கதவுக்கு அப்பால் எல்லாம் நின்றுபோய் வெறும் மரமும் கல்லும் ஆகிவிடுகிறது. ஒரு வீட்டின் வர்க்கக் கணக்கைப் பார்க்க விரும்பும் தோழர்கள் முதலில் பூச்சு எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

இந்த மச்சுப் படுக்கையும் நிலைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெரிய விவசாயிகள் ஆட்களை வீட்டில் வைத்துச் சோறு போடுவதை நிறுத்தினார்கள். தானிய விலை ஏறிய காலத்தில் சோறு போடுவதைவிடக் காசு கொடுத்து அனுப்புவது மலிவு. இதே காலத்தில்தான் பொது மேய்ச்சல் நிலங்கள் பாராளுமன்றச் சட்டங்களால் வேலி போட்டு எடுக்கப்பட்டன. 1604 முதல் 1914 வரை இப்படி 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள், ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர். மாடு மேய்க்க, விறகு பொறுக்க இருந்த உரிமை போனது. வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளர் 1825இல் ஒரு பழைய பண்ணை வீட்டின் சாமான்கள் ஏலம் போவதைப் பார்த்து எழுதினார். ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்ட நீளமான ஓக் மேசை கேட்பாரற்றுக் கிடந்தது, எசமான் வீட்டில் இப்போது வரவேற்பறையும் மணிக்கயிறும் வந்துவிட்டன என்று கொதித்தார். பழைய மேசையைக் காபெட் கொஞ்சம் அதிகமாகவே புகழ்கிறார், அந்த மேசையிலும் கடைசி இடம் கடைசி இடம்தான். ஆனால் மேசையும் இல்லாமல் போவது அதைவிடக் கொடுமை என்பதில் அவர் சொன்னது சரி.

1871இல் மாரிஸும் ஓவியர் ரொசெட்டியும் சேர்ந்து இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். வருடத்துக்கு 60 பவுன். அந்த மாவட்டத்தில் ஒரு விவசாயக் கூலி அப்போது வாரத்துக்கு 12 ஷில்லிங் அளவில் வாங்கினார், வருடம் முழுவதும் வேலை கிடைத்தாலும் 31 பவுன்தான் தேறும். லண்டன்காரர்களின் கோடைகால வீட்டு வாடகை இரண்டு கூலிக் குடும்பங்களின் முழு வருமானம்.

இனி சொல்லப்போவதைக் கெல்ம்ஸ்காட் பற்றிய புத்தகங்களில் நீங்கள் பார்ப்பது அரிது. 1872இல் ஜோசப் ஆர்ச் என்ற விவசாயத் தொழிலாளியின் தலைமையில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. மறுவருடம், 1873 மே மாதம், கெல்ம்ஸ்காட்டுக்கு வடக்கே ஒரு நாள் நடைதூரத்தில் இருக்கும் ஆஸ்கட் என்ற ஊரில் சங்கத்து ஆட்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பண்ணைக்காரர் வெளியூரிலிருந்து இரண்டு இளைஞர்களைக் கொண்டுவந்தார். ஊர்ப் பெண்கள் வயலுக்குப் போகும் வழியில் நின்று அந்த இருவரையும் மறித்தார்கள், எங்களோடு சேருங்கள் என்று அழைத்தார்கள். இதற்கு வழக்கு. சிப்பிங் நார்ட்டன் என்ற சிறுநகரில் விசாரித்த மாஜிஸ்திரேட்டுகள் இரண்டு பேரும் பாதிரிமார். 16 பெண்களுக்குக் கடுங்காவல் தண்டனை, சிலருக்கு 7 நாள், சிலருக்கு 10 நாள். சிலருடைய கையில் பால்குடிக் குழந்தை இருந்தது. அன்றிரவு மக்கள் காவல் நிலையத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பெண்களை ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் ஏற்றி ஆக்ஸ்ஃபோர்டு சிறைக்குக் கொண்டுபோனார்கள். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. அவர்கள்மேல் பாய்ந்த 1871ஆம் ஆண்டுச் சட்டம் 1875இல் ரத்தானது. ஆஸ்கட்டின் புல்திடலில் மரத்தைச் சுற்றி அவர்கள் நினைவாக ஒரு இருக்கை இன்று இருக்கிறது.

அந்த மே மாதத்தில் கெல்ம்ஸ்காட்டில் ரொசெட்டி குடியிருந்தார். மாரிஸின் மனைவி ஜேனை வரைந்துகொண்டிருந்தார். இதைச் சொல்வது ஓவியம் வரைந்ததற்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு அல்ல. ஒரே மாவட்டம், ஒரே மாதம், ஒரே வகைக் கல்லால் கட்டிய ஊர்கள். ஒன்றைப் பற்றி நூலகம் நூலகமாகப் புத்தகம் இருக்கிறது, இன்னொன்றுக்கு ஒரு மரத்தடி இருக்கை.

மாரிஸ் அப்போது அரசியலில் இல்லை. அவரை அரசியலுக்குக் கொண்டுவந்ததில் பழைய கட்டடங்களுக்கும் பங்கு உண்டு என்பதுதான் சுவையான விஷயம். அக்காலத்தில் பழைய கோயில்களைப் புதுப்பிக்கிறேன் என்று சுரண்டியெடுத்துப் புதுக்கல் பதிக்கும் வழக்கம் இருந்தது. பக்கத்து பர்ஃபோர்டு ஊர்க் கோயிலில் நடந்ததைப் பார்த்து வெகுண்டு, 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். ஏன் சுரண்டக்கூடாது? அந்தக் கல்லின் மேற்பரப்பு ஒரு தொழிலாளியின் கைத்தடம். அவன் அதைத் தன் யோசனையில், தன் வேகத்தில் செதுக்கினான். இன்று அந்தச் சுதந்திரம் எந்தத் தொழிலாளிக்கும் இல்லாதபோது, அதே கல்லை அவனால் மறுபடி செய்ய முடியாது. இந்த வாதத்தைத் தொடர்ந்து யோசித்தால், கட்டடத்தைக் காப்பாற்றத் தொழிலாளியை விடுவிக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்துதான் ஆகவேண்டும். மாரிஸ் வந்தார். 1883இல் ஜனநாயகக் கூட்டமைப்பில் சேர்ந்தார், 1884இல் சோசலிஸ்ட் லீகைத் தொடங்கியவர்களில் ஒருவரானார், தெருமுனைகளில் பேசினார். 1890இல் அவர் எழுதிய ‘நியூஸ் ஃப்ரம் நோவேர்’ நாவலில் புரட்சிக்குப் பிந்தைய இங்கிலாந்து வருகிறது. படகில் தேம்ஸ் வழியே போகும் கதை, வைக்கோல் அறுவடைக் காலத்தில் இந்தக் கெல்ம்ஸ்காட் வீட்டில் வந்து முடிகிறது.

பணக்கார முதலாளி, சோசலிஸ்ட் வேடம் என்று அவரைக் கிண்டல் செய்தவர்கள் அன்றும் உண்டு. நாம் அந்தக் கிண்டலில் சேரமாட்டோம். தன் வர்க்கத்தின் சொகுசுக்கு எதிராக வெளிப்படையாக நின்றவர் அவர். ஆனால் ஒரு இடத்தில் அவரோடு முரண்படுகிறோம். அவருடைய கண்ணில் அந்த வீடு மண்ணிலிருந்து தானாக முளைத்தது போல, சுற்றியிருந்த மக்களின் அன்பால் வளர்ந்தது போல இருக்கிறது. மச்சைப் பற்றி எழுதும்போதும் அதன் விசித்திரமான அழகுதான் முன்னால் நிற்கிறது. அங்கே படுத்தவனுக்குக் கோடையில் கல்லோட்டுச் சூடும் பனிக்காலத்தில் கல்லோட்டுக் குளிரும்தான் நேரடியாகத் தெரிந்திருக்கும். 1896இல், மாரிஸ் இறந்த அதே வருடம், ஃபிரெடெரிக் எவன்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் அந்த மச்சைப் படம் எடுத்தார். சாய்ந்த உத்திரங்கள், எங்கிருந்தோ நுழையும் மெல்லிய வெளிச்சம். புகைப்பட வரலாற்றில் பேசப்படும் படம் அது. நீங்களும் தேடிப் பாருங்கள், உண்மையிலேயே நல்ல படம். அதில் ஒரு ஆளும் இல்லை.

வீட்டுத் துணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தோட்டத்தில் பழத்தைக் கொத்தித் தின்ற குருவிகளைப் பார்த்துத்தான் மாரிஸ் 1883இல் தன் புகழ்பெற்ற ‘ஸ்ட்ராபெரி தீஃப்’ துணியை வடிவமைத்தார். அதன் நீலம் அவுரிச் சாயம். அன்று பிரிட்டனுக்கு வந்த அவுரியில் பெரும்பகுதி இந்தியாவில் விளைந்தது, வங்காளத்திலும் பீகாரிலும், நம் தென்னார்க்காட்டிலும். வங்காளத்தில் அவுரி விவசாயிகள் 1859இல் கலகம் செய்தவர்கள். சாயத் தொட்டியில் கையை நனைத்து வேலை கற்ற மாரிஸை நாம் மதிக்கிறோம். தொட்டி அதற்கும் முன்னால் இன்னொரு இடத்தில் தொடங்குகிறது.

இன்னொன்று, தோட்டத்தில் இருக்கும் கழிப்பறை. ஒரே பலகையில் மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்படி மூன்று துளைகள். பார்வையாளர்கள் சிரித்துப் படம் எடுத்துக்கொள்ளும் இடம். இது மண் போட்டு மூடும் உலர் கழிப்பறை. இந்த வகைக்கு இங்கிலாந்தில் புது வாழ்வு கொடுத்தவர் ஹென்றி மூல் என்ற டார்செட் பாதிரியார். 1854இல் தன் பங்கில் காலரா வந்து ஏழைகள் செத்ததைப் பார்த்து யோசித்து, 1860இல் உலர்மண் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். மலத்தில் உலர்ந்த மண் விழுந்தால் சில வாரங்களில் அது உரம் ஆகிவிடும். நல்ல எண்ணத்தில் செய்த நல்ல கருவிதான். ஆனால் யாராவது கையில் மண்வெட்டியோடு அள்ள வேண்டும். இங்கிலாந்தில் அந்த வேலைக்கு வறுமை ஆளை அனுப்பியது. இதே முறையைக் காலனி அரசு இந்தியாவின் சிறைகளுக்கும் ராணுவக் குடியிருப்புகளுக்கும் கொண்டுவந்தது. இங்கே அள்ளுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை, பிறப்பே ஆளை நியமித்து வைத்திருந்தது. கருவி ஒன்று, இறங்கிய மண் வேறு. உலர் கழிப்பறையை ஒழிக்கும் சட்டம் நமக்கு 1993இல் வந்தது, 2013இல் மறுபடியும் வந்தது.

மாரிஸ் 1896 அக்டோபரில் லண்டனில் இறந்தார். உடல் ரயிலில் வந்து, பண்ணை அறுவடை வண்டியில் இலைதழை கட்டி ஊர்க் கோயிலுக்குக் கொண்டுபோகப்பட்டது. நண்பர் பிலிப் வெப் வடிவமைத்த கல்லறையின் மேல்கல் ஒரு வீட்டுக் கூரையைப் போல இருபுறமும் சரிந்திருக்கும். 1902இல் ஜேன் மாரிஸ் கணவர் நினைவாக அதே வெப்பைக் கொண்டு ஊரில் இரண்டு குடிசை வீடுகள் கட்டினார். சிலை வைக்காமல் வீடு கட்டினாரே, அதைப் பாராட்ட வேண்டும். அவர்களின் மகள் மே மாரிஸ் முயன்று கட்டிய ஊர் மன்றத்தை 1934இல் பெர்னாட் ஷா திறந்து வைத்தார். பெரிய வீடு 1962 முதல் லண்டன் தொல்பொருள் ஆய்வாளர் கழகத்திடம் இருக்கிறது.

கூலிகளின் குடியிருப்பு மட்டும் இன்னும் நெடுங்காலம் பழைய கட்டிலேயே இருந்தது. ஆங்கில விவசாயத் தொழிலாளிக்கு 1884இல் வாக்குரிமை வந்தது, ஜோசப் ஆர்ச் 1885இல் பாராளுமன்றத்துக்கே போனார். ஆனால் தொழிலாளி குடியிருந்த வீடு பண்ணைக்காரருடையது. வேலை போனால் வீடும் போகும். சங்கத்தில் சேர்ந்தால், வயதானால், கணவன் செத்துப் போனால் சாமானோடு தெருவுக்கு வரவேண்டும். குடியிருக்கும் மனை மிராசுதாரருடையது என்பதால் வாய் திறக்க முடியாத செங்கல்பட்டுச் சேரி மக்களைப் பற்றி 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அந்த அறிக்கைக்குப் பிறகு நமக்குப் பஞ்சமி நிலம் என்று ஒன்று ஏட்டளவிலாவது வந்தது. இங்கிலாந்தில் வேலையோடு கட்டிய அந்த வீட்டிலிருந்து விவசாயத் தொழிலாளியைச் சட்டென்று வெளியேற்ற முடியாது என்ற சட்டம் 1976இல்தான் வந்தது. டர்னர்கள் கல் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு அப்போது 370 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தன.